தினமும் நடந்தும் தொப்பை குறையவில்லை: 46 வயதில் எதை மாற்றுவது?

நாற்காலிவாசி:

வயது 46, ஆண். உயரம் 170 செ.மீ., எடை 82 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 99 செ.மீ. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை. மாத்திரை எதுவும் எடுப்பதில்லை. கடைசி ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.0, ட்ரைகிளிசரைடு கொஞ்சம் கூடுதல், பி.பி. எல்லைக்கோட்டில். கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சரியாக இருக்கிறது.

இப்போது செய்வது: காலையில் 40 நிமிட நடை. இரவு சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பழம் மட்டும். காபி, டீயில் சர்க்கரை கிடையாது. ஆரம்பத்தில் இரண்டு கிலோ இறங்கி, அதோடு நின்றுவிட்டது. தொப்பை அப்படியே இருக்கிறது, கையும் தொடையும்தான் மெலிந்த மாதிரி தெரிகிறது.

கேட்க நினைப்பவை:

1. நாற்பதைத் தாண்டினாலே மெட்டபாலிசம் படுத்துவிடும் என்கிறார்களே, காரணம் அதுதானா?
2. வெயிட் தூக்கச் சொல்கிறார்கள். ஆனால் படி இறங்கும்போது வலது முட்டிச்சில்லைச் சுற்றி வலி. இதோடு ஸ்குவாட் செய்யலாமா?
3. புரதம் எவ்வளவு, எதிலிருந்து? அதிகமானால் கிட்னிக்கு ஆகாது என்பது உண்மையா?

ஜிம்முக்குப் போக வாய்ப்பில்லை. வீட்டில் செய்யக்கூடியதாகச் சொன்னால் நல்லது.

---

தண்டால்:

மெட்டபாலிசத்தின் மேல் பழி போடுவதை முதலில் விடுங்கள். 2021-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அன்றாடக் கலோரிச் செலவை ஆராய்ந்தது. கொழுப்பு நீங்கலான உடல் எடைக்கு ஈடுகட்டிப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை செலவு ஏறக்குறைய ஒரே மட்டம். அதற்கு மேல்தான் இறங்குமுகம். அப்படியானால் உங்களுக்கு என்ன ஆனது? தசை குறைந்திருக்கிறது, அசைவும் குறைந்திருக்கிறது. பளு கொடுக்காத உடலில் முப்பதுகளிலிருந்தே பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரையும் என்பது பொதுவான கணக்கு. கை, தொடை மெலிந்து தொப்பை அப்படியே இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பளு வேலை கொடுக்காமல் சாப்பாட்டை மட்டும் குறைத்து எடை இறக்கினால், இறங்குவதில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பாக இருக்காது.

இப்போது நடைக் கணக்கு. 82 கிலோ ஆள் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் 40 நிமிடம் நடந்தால் மொத்தம் 190 கலோரி வாக்கில் செலவாகும். சும்மா உட்கார்ந்திருந்தாலே அந்த நேரத்தில் 50 கலோரிக்கு மேல் போயிருக்கும், அதைக் கழித்தால் மிஞ்சுவது 140. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. அதாவது காலை நடையின் முக்கால்வாசிக்கும் மேலானதைத் தாளிப்பிலேயே கூடுதலாக ஊற்றிய ஒரு கரண்டி தின்றுவிடும். நடையை விடச் சொல்லவில்லை. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் பி.பி.க்கும் அது வேண்டும். எடை இறக்கும் வேலையை மட்டும் அதன் தலையில் கட்டாதீர்கள்.

இரவு பழம் மட்டும் என்பதுதான் உங்கள் திட்டத்திலேயே பெரிய ஓட்டை. பழத்தில் புரதம் கிட்டத்தட்ட இல்லை. மதியம் சாப்பிட்டதிலிருந்து மறுநாள் காலை வரை தசைக்குக் கட்டுமானப் பொருளே போகவில்லை. பசி தாங்காமல் இடையில் கொறிப்பதை யாரும் கணக்கில் எழுதுவதும் இல்லை.

புரதத்துக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பற்றாக்குறை வராமல் இருக்கத் தேவையான குறைந்த அளவு. எடையைக் குறைத்துக்கொண்டே தசையைக் காப்பாற்ற 1.2 முதல் 1.6 வரை வேண்டும். இப்போதுள்ள எடைக்குப் போடாமல், உங்கள் உயரத்துக்குப் பொருத்தமான 70 கிலோவுக்குப் போடுங்கள்: 84 முதல் 112 கிராம். 90-ஐ இலக்காக வைத்தால் போதும், வேளைக்கு 30. நடுத்தர வயதில் ஒரே வேளையில் மொத்தத்தையும் குவிப்பதைவிடப் பங்கிட்டுச் சாப்பிடுவதுதான் எளிது, பசியும் அடங்கும்.

எதில் எவ்வளவு என்று தெரியாமல்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒரு முட்டையில் 6 கிராம்தான், இரண்டு சாப்பிட்டுவிட்டு ‘புரத டிபன்’ என்றால் கணக்கு உதைக்கும். 200 மி.லி. பாலில் சுமார் 6.5. வெந்த பருப்பு, பயறு 100 கிராமுக்கு 8 அல்லது 9. தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி வெந்த பிறகு 100 கிராமுக்கு 30, மீனில் 20 முதல் 25. பனீர் 18, ஆனால் கொழுப்பும் கூடவே வரும். காய்ந்த சோயா உருண்டை 100 கிராமுக்கு 50, ஒரு வேளைக்கு 30 கிராம் ஊறவைத்தால் 15 கிராம் புரதம் ஆயிற்று. வேர்க்கடலை 100 கிராமில் புரதம் 25 இருக்கிறது, கலோரியோ 570. அதைக் கொழுப்புக் கணக்கில் வையுங்கள், புரதக் கணக்கில் வேண்டாம்.

கிட்னி: ஆரோக்கியமான சிறுநீரகத்தை இந்த அளவு புரதம் கெடுக்காது. ஏற்கெனவே பாதிப்பு உள்ளவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. கிரியாட்டினின் பார்த்தாயிற்று என்கிறீர்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை.

தட்டில் பாதி காய்கறி, கால்வாசி புரதம், கால்வாசி சோறோ ரொட்டியோ. தினசரி 400 கலோரி பள்ளம் (செலவைவிடச் சாப்பாடு குறைவது) விழுந்தால் மாதத்துக்கு ஒன்றரை கிலோ இறங்கும். அதைவிட வேகம் வேண்டாம். முதல் இலக்காக 82-ல் 7 சதவீதம், அதாவது ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, போதும். அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் (முடிவு 2002-ல் வந்தது) வைத்த இலக்கும் இதேதான்: 7 சதவீத எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட நடை. உங்களைப் போல் எல்லைக்கோட்டில் இருந்தவர்கள் சர்க்கரை நோய்க்குள் போவது 58 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்தது 31 சதவீதம்.

---

முட்டியும் முதுகும்:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் வருகிறேன், நான் பார்க்கிற வேலை அதுதான்.

படி ஏறுவதைவிட இறங்கும்போது வலி, முட்டிச்சில்லைச் சுற்றி வலி என்றால் பெரும்பாலும் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையில் பளு தாங்கும் திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. முட்டி வீங்குகிறது, பாதி மடக்கில் பூட்டிக்கொள்கிறது, காலை ஊன்றும்போது சட்டென்று விட்டுவிடுகிறது, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறது - இதில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால் ஓய்வு இதற்கு மருந்து இல்லை. ஓய்வில் தொடைத் தசை இன்னும் இளைக்கும், சில்லின் மேல் விழும் சுமை இன்னும் கூடும்.

ஸ்குவாட் என்றதும் கம்பியைத் தோளில் வைத்து உட்காருவதை நினைக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே ஸ்குவாட்தான். கைப்பிடியைத் தொடாமல், இப்படி:

நகராத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். வலி இருப்பதால் முதலில் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். இருக்கையின் முன்பாதியில் உட்காருங்கள். பாதங்கள் தோள் அகலத்தில், குதிகால் முட்டிக்கு ஒரு சாண் பின்னால். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் வரை உடலை முன்னால் சாய்த்து, மூச்சை விட்டபடி எழுந்திருங்கள். பலர் நிமிர்ந்தபடியே எழப் பார்க்கிறார்கள், அப்போதுதான் முழுச் சுமையும் முட்டிக்குப் போகிறது. இறங்கும்போது மனதுக்குள் நான்கு எண்ணுங்கள். கடைசி ஒரு சாணில் தொப்பென்று விழுந்தால் அந்தத் தடவை கணக்கில் இல்லை. முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று எதிரில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சாய்ந்தால், தொடைகளைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி அதை வெளியே தள்ளியபடி செய்யுங்கள்.

எட்டு தடவை, இரண்டு செட், வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பன்னிரண்டு தடவை சிரமமில்லாமல் வந்ததும் ஒரு தலையணையை எடுத்துவிட்டு மறுபடி எட்டிலிருந்து. இரண்டும் போன பிறகு முதுகுப்பையை மார்போடு அணைத்து, உள்ளே 2 கிலோ. ‘முட்டி கால்விரலைத் தாண்டவே கூடாது’ என்று ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை வலிந்து கடைப்பிடித்தால் சுமை இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் மாறும். வலியில்லாத அளவுக்கு முட்டி முன்னால் போகட்டும்.

கூடவே மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது, பன்னிரண்டு தடவை, மேலே இரண்டு நொடி நிறுத்தி. புட்டத் தசை வேலை செய்தால்தான் முட்டி நேராக நிற்கும். தொடையின் பின்பக்கம் பிடித்து இழுத்தால் குதிகாலை இன்னும் உடலருகே கொண்டுவாருங்கள்.

வலியை எப்படி எடைபோடுவது? பத்துக்கு மூன்று வரை இருந்தால் தொடரலாம், மறுநாள் காலையில் வழக்கமான நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் அடுத்த தடவை எண்ணிக்கையையோ ஆழத்தையோ பாதியாக்குங்கள், முழுக்க நிறுத்த வேண்டாம். ஐந்தைத் தொட்டால் அன்றைக்கு அந்தப் பயிற்சி போதும். தசை வலி வேறு, அது 24 முதல் 72 மணி நேரத்தில் வந்து தானே போய்விடும். தொடையின் சதையில் இருக்கும், மூட்டில் இருக்காது.

நடுத்தர வயதில் அடிபடுவது பெரும்பாலும் இரண்டாவது மாதத்தில்தான். தசை சீக்கிரம் பலம் பெற்றுவிடும், தசைநாண் பின்னால் மெதுவாக வரும். உடம்பு லேசாகிவிட்டது என்று ஒரே வாரத்தில் பளுவை இரட்டிப்பாக்குகிறவர்கள் குதிகால் நாணிலோ தோளிலோ வலியோடு வந்து நிற்கிறார்கள்.

எல்லைக்கோட்டு பி.பி. என்பதால் ஒன்று: பளுவை எடுக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். அடக்கினால் அந்த நொடியில் பி.பி. எகிறும். வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாகவே போய்வரும்.

---

நாற்காலிவாசி:

இருவருக்கும் நன்றி. வீக்கமோ பூட்டிக்கொள்வதோ இல்லை. இரண்டு சந்தேகம். வெயிட் மெஷின் ஒரு நாள் 81.2 காட்டுகிறது, அடுத்த நாள் 82.6. எதை நம்புவது? வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமையல், அதில் என் பங்கு எண்ணெயை எப்படி அளப்பது?

---

அளவுக்கரண்டி:

ஒரே நாளில் ஒன்றரை கிலோ கொழுப்பு ஏறாது. அதற்குச் சாப்பாட்டுக்கு மேல் 11,000 கலோரிக்கு மேல் உள்ளே போயிருக்க வேண்டும். ஏறியது தண்ணீர். முந்தின நாள் உப்பு கூடியிருக்கும், அல்லது மாவுச்சத்து கூடியிருக்கும் (உடல் சேமிக்கும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தோடும் (கிளைகோஜன்) ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும்), அல்லது மலம் கழியாமல் இருக்கும். புதிதாகப் பளுப்பயிற்சி தொடங்கும் வாரத்திலும் தசையில் நீர் கோத்து அரை கிலோ, ஒரு கிலோ கூடும். அதைப் பார்த்துப் பயந்து பயிற்சியை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

காலை எழுந்து, கழிப்பறை போய்விட்டு, எதுவும் குடிக்கும் முன் எடை பாருங்கள். மெஷின் கெட்டியான தரையில் இருக்கட்டும், விரிப்பின் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுங்கள். ஒரு வாரச் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிட்டால் போதும், தனித்தனி நாளுக்கு அர்த்தமில்லை. மூன்று வாரம் சராசரி நகரவில்லை என்றால்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும்.

வயிற்றுச் சுற்றளவை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுங்கள். தொப்புளை நம்பாதீர்கள், தொப்பை சரிந்தால் தொப்புளும் சரியும். பக்கவாட்டில் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் ஒரு புள்ளி. டேப் தரைக்கு இணையாக, மூச்சை இயல்பாக விட்ட நிலையில், தோலை அழுத்தாமல். உயரத்தில் பாதிக்குக் கீழே வருவது இலக்கு, உங்களுக்கு 85 செ.மீ. எடை நிற்கும்போதும் டேப் இறங்குவதுண்டு. அப்படி இறங்கினால் திட்டத்தைத் தொடவே தொடாதீர்கள்.

எண்ணெய்க்கு ஒரு சுலப வழி. ஒவ்வொரு சமையலிலும் அளக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்ப் பாட்டிலைத் தராசில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த ஞாயிறு மறுபடி. வித்தியாசத்தை வீட்டில் சாப்பிடும் ஆட்களாலும் ஏழாலும் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு எத்தனை கிராம் என்று வரும். கிராமுக்கு 9 கலோரி. நான்கு பேர் வீட்டில் வாரம் 1,400 கிராம் காலியானால் ஆளுக்கு 50 கிராம், அதாவது 450 கலோரி. இதைப் பாதியாக்கினாலே தண்டால் சொன்ன பள்ளத்தில் பாதிக்கு மேல் விழுந்துவிடும், சோற்றில் கைவைக்கும் முன்பே. பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவதை நிறுத்தி, 5 மி.லி. கரண்டியைப் பாட்டிலோடு ரப்பர் போட்டுக் கட்டி வைத்தால் சமைப்பவர் யாரானாலும் அளவு மாறாது. பொரித்த எண்ணெயில் மீதியை ஊற்றி வைப்பீர்கள் என்றால் அதையும் எடைபோட்டுக் கழித்துக்கொள்ளுங்கள்.

---

இளவேனில்:

தண்டால் சொன்ன 90 கிராம் புரதம் சரிதான். ஆனால் இப்போது தினம் 50 கிராம் சாப்பிடுபவர் முதல் வாரமே 90-க்குத் தாவினால் மலச்சிக்கலும் வாயுவும் வந்து மூன்றாம் நாளே வெறுத்துப்போவார். வாரத்துக்கு 10 கிராம் என்று ஏற்றுங்கள். பயறு வகையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வாயுத் தொல்லை குறையும். நார்ச்சத்து நாளுக்கு 25 முதல் 30 கிராம், அதற்கு ஈடாகத் தண்ணீர். பழத்தை விட வேண்டாம், இடத்தை மட்டும் மாற்றுங்கள்: இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாக இல்லாமல் சாப்பாட்டோடு சேர்த்து ஒன்று. சாறாக வேண்டாம், கடித்துத் தின்னுங்கள்.

இதைப் படிக்கும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த மாதிரி இழைகளில் எடுத்துக்காட்டு எப்போதும் ஆணுக்கே இருக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் இறங்குவதால் எலும்பு வேகமாகத் தேய்கிறது, கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுகிறது. எனவே பளுப்பயிற்சி இன்னும் அவசியம். நீச்சலும் சைக்கிளும் மூச்சுக்கு நல்லவை, எலும்புக்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. ‘உடம்பு முறுக்கேறிவிடும்’ என்று 1 கிலோ டம்பெல்லை வைத்து முப்பது தடவை ஆட்டுவதில் பயனில்லை. பன்னிரண்டாவது தடவையோடு இன்னும் இரண்டு மூன்றுதான் முடியும் என்கிற அளவுக்குப் பளு இருக்க வேண்டும்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க: சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுத்துக்கொண்டே சாப்பாட்டைக் குறைத்து உடற்பயிற்சியும் கூட்டினால் சர்க்கரை சட்டென்று தாழும். மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி டோஸைச் சரிசெய்ய வேண்டும். மெட்ஃபார்மின் நீண்ட காலம் எடுப்பவர்கள் பி12 பார்த்துக்கொள்ளுங்கள். பி.பி.க்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை வைத்து வேகத்தை முடிவு செய்ய முடியாது, அந்த மருந்து துடிப்பை அமுக்கி வைக்கும். அவர்களுக்குப் பேச்சுதான் அளவுகோல்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

---

தண்டால்:

இளவேனில் சொன்ன திருத்தம் நியாயம், ஏற்றத்தை மெதுவாக வையுங்கள்.

நாற்காலிவாசிக்கு வார அட்டவணை. திங்கள், புதன், வெள்ளி 30 நிமிடம் பளு. ஐந்து நிமிடம் இருந்த இடத்திலேயே நடை, பிறகு இந்த வரிசை: நாற்காலி ஸ்குவாட், மேசை விளிம்பில் கை ஊன்றித் தண்டால் (தரையில் பத்து வரும்வரை மேசையே போதும்), ஒரு கையை மேசையில் ஊன்றி மறு கையால் பையை இடுப்பை நோக்கி இழுப்பது, இடுப்புத் தூக்கல், குதிகால் தூக்கல். எல்லாம் இரண்டு செட், நடுவில் 90 நொடி. பை இழுக்கும்போது தோள் காதுப் பக்கம் ஏறினால் பளு அதிகம், பையிலிருந்து எதையாவது வெளியே எடுங்கள். தண்டாலில் இடுப்பு தொங்கினால் ஒரு படி உயரமான இடத்துக்குப் போங்கள்.

நடையை ஒரே 40 நிமிடமாக வைக்காமல், மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 10 முதல் 15 நிமிடமாக உடைத்துப் பாருங்கள். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை நடக்கும் தசை நேராக எடுத்துக்கொள்ளும், 6.0-ல் நிற்பவருக்கு அதுதான் லாபம். மொத்த நேரம் வாரம் 150 நிமிடத்துக்குக் கீழே போக வேண்டாம், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 150 முதல் 300. பத்தாயிரம் அடி என்று துரத்த வேண்டாம். அது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. 7,000, 8,000 வந்தாலே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறைந்தால் மேலே உள்ள எல்லாமே இரட்டிப்புக் கஷ்டம். பசி கூடும், இனிப்பைத்தான் கை தேடும். இரவுச் சாப்பாட்டைப் படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிட்டால் தூக்கத்துக்கு நல்லது. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஓய்வெடுத்தும் அடங்கவில்லை என்றால் ஆம்புலன்ஸ்.

ஹெச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். சிவப்பணுக்களின் ஆயுள் 120 நாள் வாக்கில் இருப்பதால் அதற்கு முன் பார்ப்பது பழைய கதையையும் கலந்தே சொல்லும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் பளுப்பயிற்சி வேண்டாம். கடினமாகச் செய்துவிட்டுப் போனால் தசையிலிருந்து கசியும் நொதிகளால் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் பரிசோதனை அளவுகள் உயர்ந்து காட்டி, கல்லீரலில் கோளாறோ என்று வீணாக அலைய வேண்டியிருக்கும். தவிர்க்க முடியாமல் செய்துவிட்டீர்கள் என்றால் ரிப்போர்ட்டைக் காட்டும்போது அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.